ஆங்கிலத்தில் தினமும் ‘வில்’ போடும் பழக்கம் போக எந்தப் பயிற்சி உதவும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டார். “தம்பி, ஒரு ஆப் நல்லா இருக்குன்னு கடையில சொல்றாங்க. பாப்பாவோட மிஸ் ஒரு கிராமர் புக் வாங்கச் சொல்றாங்க. நம்ம தெருமுனையில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸும் இருக்கு. மூணுலயும் முதல் பாடம் சிம்பிள் பிரசன்ட்தானாம். நான் எதுல போகட்டும்?”

அண்ணி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கோவையில் ஒரு துணிக்கடையின் பில் கவுண்டரில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. தமிழ் தெரியாத ஆட்கள் வந்து நின்றால் பக்கத்து கவுண்டர் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. அதுதான் அண்ணிக்கு உறுத்தல்.

நான் சனி, ஞாயிறுகளில் பெரியவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். கேட்டதும் பதில் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஆனால் நாடி பார்க்காமல் மருந்து சொல்ல முடியாதே. பாப்பாவின் நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து, சிம்பிள் பிரசன்ட்டில், அதாவது வழக்கமாக நடப்பதைச் சொல்லும் ‘ஷீ கோஸ்’ வகை வினையில், பத்து கோடிட்ட இடம் எழுதிக் கொடுத்தேன். ‘ஷீ டேஷ் டு ஸ்கூல்’, பக்கத்தில் ‘கோ’. இந்த மாதிரி பத்து. அண்ணி ஒன்பது சரியாகப் போட்டார். ‘ஸ்டடி’ ஒன்றில்தான் ஒய் போய் ஐ வரவேண்டிய இடத்தில் தவறினார்.

அப்புறம் நோட்டை மூடிவிட்டு, “அண்ணி, உங்க வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகும்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க, தப்பானாலும் பரவாயில்லை” என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“டெய்லி ஐ வில் கெட் அப் ஃபைவ் ஓ கிளாக். ஐ வில் மேக் டிபன். மை டாட்டர் வில் கோ ஸ்கூல் எய்ட் தர்ட்டி. மை ஹஸ்பண்ட் இஸ் கோயிங் ஷாப் டெய்லி. ஹீ வில் நாட் டிரிங்க் காபி, ஒன்லி டீ.”

ஐந்து வாக்கியம். ஐந்தும் புரிகிறது. ஐந்தில் ஒன்றுகூட சிம்பிள் பிரசன்ட் இல்லை. தாளில் பத்துக்கு ஒன்பது வாங்கியவர் வாயில் ஐந்துக்குப் பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று பார்க்குமுன் இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பெரும்பாலான புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவை தமிழ் பேசுகிறவருக்கென்று எழுதப்பட்டவை இல்லை.

அண்ணி மனசுக்குள் ஓடியது தமிழ். ‘தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன். டிபன் செய்வேன். பாப்பா எட்டரைக்கு ஸ்கூலுக்குப் போவா.’ நாம் வழக்கத்தைச் சொல்லும்போது எதிர்கால வினையைத்தான் போடுகிறோம். செத்துப்போன தாத்தாவைப் பற்றிக்கூட ‘தினமும் ஆத்துலதான் குளிப்பார்’ என்கிறோம். யாருக்கும் அது உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது சிம்பிள் பிரசன்ட். ஆனால் எழுந்திருப்பேன், செய்வேன் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்த ஜோடி ‘வில்’. அதனால் ‘டெய்லி ஐ வில்’ வந்து விழுகிறது. எதிர்மறையிலும் இதே கதை. ‘அவர் காபி குடிக்க மாட்டார்’ என்பது ‘ஹீ வில் நாட் டிரிங்க்’ ஆகிவிடுகிறது. சொல்ல வந்தது ‘ஹீ டஸின்ட் டிரிங்க் காபி’. காபி குடிக்கும் பழக்கமே அவருக்கு இல்லை. ‘வில் நாட்’ போட்டால், கேட்கிற ஆங்கிலக்காரருக்கு நீட்டிய டம்ளரை அடம்பிடித்துத் தள்ளுவதுபோல் ஒலிக்கும்.

சரி, நிகழ்காலத்தையே எடுத்தாலும் சிக்கல் தீரவில்லை. ‘போகிறார்’ என்பது இப்போது போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும், தினமும் போவதையும் குறிக்கும். அங்கேதான் ‘இஸ் கோயிங்’ நுழைகிறது. அப்புறம் கேள்வி. தமிழில் வாக்கியத்தின் வாலில் ஓர் ஆகாரம் ஒட்டினால் கேள்வி தயார்: வேணுமா, இருக்கா, குடிப்பீங்களா. ஆங்கிலத்தில் ‘டூ’ அல்லது ‘டஸ்’ என்று அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கு நம்மிடம் இணையே கிடையாது. ‘பேக் வேணுமா?’ என்பது கவுண்டரில் ‘யூ வாண்ட் பேகா?’ ஆவது அதனால்தான்.

இன்னும் ஒன்று. தமிழ் வினை ஆளுக்கு ஆள் மாறும்: போகிறேன், போகிறாய், போகிறாள். அவ்வளவு மாற்றத்தைச் சின்ன வயதிலேயே சமாளித்தவர்களுக்கு ஒரே ஒரு எஸ் சேர்ப்பது கஷ்டமா என்று தோன்றும். ஆனால் தொடக்கத்தில் அதிகம் தேவைப்படும் வினைகளைப் பாருங்கள்: தெரியும், பிடிக்கும், வேண்டும். ‘எனக்குப் பிடிக்கும், அவளுக்குப் பிடிக்கும்.’ வினை அசையவே இல்லை. அதனால் ‘ஷீ லைக்’, ‘ஷீ வாண்ட்’ என்று சொல்லும்போது நம் காதுக்கு எதுவும் குறையாகப் படுவதில்லை.

ஆகவே அண்ணியின் தேவை இந்த வரிசையில் இருக்கிறது: முதலில் வழக்கத்தைச் சொல்லும்போது வில்லையும் ‘இங்’கையும் விட வேண்டும், அடுத்து டூ, டஸ் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும், கடைசியில்தான் எஸ். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிராமர் புத்தகம். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, கடைசியில் விடை. இந்த அமைப்பில் நல்ல புத்தகங்கள் கிடைக்கின்றன, ஒரு தடவை வாங்கினால் போதும், வீட்டில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எழுத்துப்பிழை திருத்த இதைவிட நல்ல வழி இல்லை. கோஸ், வாட்சஸ், ஸ்டடீஸ் எல்லாம் கையால் எழுதித்தான் படியும். பள்ளித் தேர்வுக்கோ போட்டித் தேர்வுக்கோ படிக்கிறவர் யோசிக்காமல் இதையே எடுக்கலாம், ஏனென்றால் தேர்வும் இதே உருவத்தில்தான் வரும்.

ஆனால் அண்ணி தவறியது காலத்தைத் தேர்ந்தெடுப்பதில். கோடிட்ட இடமோ காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவருக்கு விடுவதே இல்லை. பக்கத்தின் தலைப்பிலேயே சிம்பிள் பிரசன்ட் என்று போட்டிருக்கிறது. வினைச்சொல்லும் பக்கத்தில் இருக்கிறது. எஸ் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான் மிச்சம். பத்துக்கு ஒன்பது வந்ததில் ஆச்சரியமே இல்லை.

புத்தகத்தையே வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் சரிசெய்யலாம். பல புத்தகங்களில் சிம்பிள் பிரசன்ட்டும், ‘இஸ் கோயிங்’ வகையான கன்டின்யுவஸும் கலந்த பாடம் ஒன்று தனியாக இருக்கும். அதற்குச் சீக்கிரம் போய்விட வேண்டும். அதைவிட நல்லது, நாமே தயாரிப்பது. ஒரு தாளில் பத்து தமிழ் வாக்கியம்: ‘எங்க கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்.’ ‘நாளைக்குக் கடை திறக்கும்.’ ‘மாமியார் மத்தியானம் தூங்குவாங்க.’ ‘மாமியார் தூங்கிட்டிருக்காங்க.’ எது வில், எது வெறும் வினை, எது இங் என்று முதலில் பக்கத்தில் குறித்துவிட்டு, அப்புறம்தான் ஆங்கிலம் எழுத வேண்டும். ‘திறக்கும்’ என்ற ஒரே சொல் முதல் வாக்கியத்தில் ‘ஓபன்ஸ்’, இரண்டாவதில் ‘வில் ஓபன்’. இந்த இடத்தில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆப். பஸ்ஸில் நின்றுகொண்டே ஐந்து நிமிடம் செய்யலாம், பெரும்பாலும் இலவசம், உச்சரிப்பு காதில் விழுகிறது, தினமும் செய்யச் சொல்லி நச்சரிக்கிறது. அந்த நச்சரிப்புதான் இதன் பெரிய பலம் என்பேன். குறை என்னவென்றால், திரையில் கிடக்கும் சொற்களைத் தட்டி வரிசைப்படுத்துவதுதான் இதில் பெரும்பகுதி. ‘டஸ்’ என்ற சொல் கண் முன்னால் கிடக்கும்போது அதைத் தட்டிவிடலாம். கவுண்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போது அது எங்கேயும் கிடக்காது, நாமே தேடி எடுக்க வேண்டும். இன்னொன்று, தமிழ் வழியாகக் கற்றுத்தரும் ஆப்களில் தமிழ் பெரும்பாலும் ‘நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன்’ என்ற பாணியில்தான் வருகிறது. தினமும் சாப்பிடுகிறாரா, இப்போது கடித்துக்கொண்டிருக்கிறாரா? அந்தத் தமிழை வைத்து எந்தக் காலம் என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? சொல்வளத்துக்கு ஆப், காது பழக ஆப். இந்தப் பாடத்துக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். நான் கல்லூரி முடித்த புதிதில் ஒன்றில் மூன்று மாதம் போனேன். பெயர் வேண்டாம். மூன்று மாத முடிவில் என் ஊர், என் அப்பா பெயர், என் பொழுதுபோக்கு இவற்றைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கத் தெரிந்தது. யாராவது குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் கதை கந்தல். ஆசிரியர் மேல் குற்றமில்லை, கணக்கு அப்படி. அறுபது நிமிட வகுப்பு, இருபத்தைந்து பேர். ஆசிரியர் நாற்பது நிமிடம் பேசினால் மிச்சம் இருபது நிமிடம், ஆளுக்கு 48 விநாடி. அதில் பாதி, எழுந்து நின்று தொண்டையைச் செருமுவதில் போய்விடும். எட்டுப் பேருக்கு மேல் இல்லாத வகுப்பு, இரண்டிரண்டு பேராக உட்கார்த்திப் பேசவிடும் ஆசிரியர் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொல்வேன். தெருமுனை வகுப்பில் எத்தனை பேர் என்று அண்ணி விசாரித்தார். முப்பது. சரி, அடுத்தது.

அண்ணி கேட்காத இரண்டு வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனசு இந்த இரண்டின் பக்கம்தான் சாய்கிறது. இரண்டும் நம் மண்ணில் பெரிய அளவில் பரிசோதித்துப் பார்த்தவை என்பது இன்னொரு காரணம்.

முதலாவது, சொல்மாற்று அட்டவணை. பழைய பள்ளிப் பாடநூல்களில் கட்டம் கட்டமாக வருமே, அதுதான். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய மதராஸ் மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் போய் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருத்ததால் ‘மதராஸ் பனிப்பந்து’ என்று அதற்குப் பெயர். பனியே விழாத ஊரில் பனிப்பந்து! அவர்கள் கொண்டுபோனது வாக்கிய அமைப்பு முறை. இலக்கண விதியை ஒப்பிக்காமல், ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றி மாற்றி வாயால் சொல்லிப் பழகுவது.

ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ஹீ, ஷீ, மை மதர், மை பிரதர். இரண்டாவதில் டிரிங்க்ஸ் காபி, வாட்சஸ் டிவி, ரீட்ஸ் த பேப்பர், கோஸ் டு த டெம்பிள், டாக்ஸ் ஆன் த ஃபோன். மூன்றாவதில் இன் த மார்னிங், இன் த ஈவ்னிங், ஆன் சண்டேஸ். நான்கு, ஐந்து, மூன்று. பெருக்கினால் அறுபது வாக்கியம். முன்னால் டஸ் வைத்து, நடுவில் இருக்கும் எஸ்ஸை எடுத்துவிட்டால் அறுபது கேள்வி. டஸின்ட் போட்டால் இன்னும் அறுபது. ஒரே தாளில் நூற்றெண்பது வாக்கியம், செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் படித்தால் பலன் இல்லை. டிரிங்க்ஸ், ரீட்ஸ், வாட்சஸ் மூன்றிலும் கடைசி எஸ் மூன்று விதமாக ஒலிக்கும். முதலாவதில் பாம்பு சீறுவதுபோல், இரண்டாவதில் வண்டு ரீங்கரிப்பதுபோல், மூன்றாவதில் ஓர் அசையே கூடுகிறது. எழுதும்போது இது தெரியாது. அதைவிட முக்கியம் ‘டஸ் ஷீ’, ‘டஸ் ஹீ’ என்ற இணைப்பு. யோசித்துப் போடுகிற விதியாக இருந்தது, ஒரு வாரத்தில் நாக்கு தானாகச் சுழலும் இடமாகிவிடும். எஸ் ஒரே ஒரு எஸ்தான், டஸ்ஸுக்குள் போய்விட்டால் வினையில் இருக்காது என்பதும் இந்த அட்டவணையில் கண்ணுக்கே தெரிகிறது. ‘டஸின்ட் கோஸ்’ என்று இரட்டை எஸ் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை.

குறை? தூக்கம் வரும். பத்து நிமிடத்துக்குமேல் போனால் வாய் ஓடிக்கொண்டிருக்கும், மனசு அடுப்பில் வைத்த பாலைப் பற்றி யோசிக்கும். ‘மை மதர் வாட்சஸ் டிவி’ என்று இருபது தடவை சொல்கிறவரின் அம்மா டிவியே பார்க்காதவராக இருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் பத்து நிமிடம், அதுவும் இரண்டு வாரம். அதற்குமேல் வேண்டாம்.

இரண்டாவது வழி இந்தக் குறையிலிருந்தே பிறந்தது என்று சொல்லலாம். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் இன்னும் சில இடங்களிலும் பள்ளி வகுப்புகளில் ஒன்றைச் செய்து பார்த்தார். இலக்கணத்தைப் பாடத்திட்டமாகவே வைக்கவில்லை. பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுப்பது, அதைச் செய்து முடிக்க ஆங்கிலம் தேவைப்படும்படி அமைப்பது, அவ்வளவுதான். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது போன்ற வேலைகள். மொழி ஆசிரியர்கள் உலகத்தில் ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்றால் இன்றைக்கும் தெரியும்.

அதை மதிப்பிட, இந்த புராஜெக்ட் வகுப்புகளுக்கும் வாக்கிய அமைப்பு முறையில் நடந்த வகுப்புகளுக்கும் தேர்வு வைத்தார்கள். வாக்கிய அமைப்பு முறையில் படித்தவர்கள் அமைப்புத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். புராஜெக்ட் வகுப்பினர் வேலை சார்ந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். இரண்டுக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் புராஜெக்ட் வகுப்பினர் பக்கம் சாய்வு இருந்தது. கடைசித் தகவல்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. எனக்கு முக்கியமாகப் படுவது முதல் இரண்டும். அண்ணியின் ஒன்பதும் பூஜ்யமும் அதே கதைதானே?

ரயில் அட்டவணை சிம்பிள் பிரசன்ட்டுக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்பேன். ‘வைகை எக்ஸ்பிரஸ் மதுரையில எத்தனை மணிக்குக் கிளம்பும்?’ தமிழில் மறுபடியும் அதே ‘கிளம்பும்’. வாய் வில்லைத் தேடும். அட்டவணையில் இருப்பது தினசரி நடப்பு, அதனால் ‘வாட் டைம் டஸ் இட் லீவ் மதுரை?’ பதில், ‘இட் லீவ்ஸ் அட்’, அப்புறம் மணி. ‘டஸ் இட் ஸ்டாப் அட் விழுப்புரம்?’ ‘டஸ் இட் ரன் ஆன் சண்டேஸ்?’ ஒருவர் கையில் போன், அதில் அட்டவணை. மற்றவர் கையில் வெறும் தாள். தாள்காரருக்கு விவரம் தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்கும்போது கேள்வி மனசில் ஒட்டும். சொல்மாற்று அட்டவணைப் பயிற்சியில் கிடைக்காதது இதுதான்.

ஆனால் இதற்கு இன்னோர் ஆள் வேண்டும், அந்த ஆள் சிரிக்கக் கூடாது. நம் வீடுகளில் இரண்டாவதுதான் கிடைக்காது. அண்ணன் சிரித்தார். அதனால் அவரை நீக்கிவிட்டோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் பாப்பாவைப் போட்டோம். அவளுக்குக் கேள்வி கேட்பதில் அலுப்பே கிடையாது. இன்னொரு குறையும் உண்டு. வேலை முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் ‘டைம் வாட்? மதுரை லீவ்?’ என்று நாலு சொல்லிலேயே காரியத்தை முடித்துவிட முடியும். பதிலும் கிடைத்துவிடும். ஆகவே ஒரு விதி வைத்தோம்: டூ அல்லது டஸ் இல்லாமல் கேட்டால் எதிராளி வாயைத் திறக்கக் கூடாது.

ஆளே இல்லாதவர்கள் என்ன செய்வது? விடுதியில் தனியாக இருக்கிறவர், வெளியூரில் வேலை பார்க்கிறவர். சாட்ஜிபிடி போன்றவற்றோடு குரலில் பேசிப் பழகலாம். வெட்கம் இல்லை, நேரம் காலம் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அது ரொம்ப நல்ல பிள்ளை. ‘ஹீ வில் நாட் டிரிங்க் காபி டெய்லி’ என்று சொன்னாலும் புரிந்துகொண்டு, டீயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். பேச ஆரம்பிக்கும்போதே ‘நான் வழக்கத்தைச் சொல்ல வில் போட்டால் உடனே நிறுத்தித் திருத்து’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். போனில் குரலால் டைப் செய்து சரிபார்க்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், நாம் விட்ட எஸ்ஸை அதுவே சேர்த்துவிடுவதும் உண்டு. நம் குரலைப் பதிவுசெய்து மறுநாள் கேட்பது மேல். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

எஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ரோஜர் பிரவுன் என்ற ஆய்வாளர் ஆடம், ஈவ், சாரா என்று மூன்று அமெரிக்கக் குழந்தைகள் ஆங்கிலம் பேசப் பழகுவதை நீண்ட நாள் கவனித்து 1973இல் வெளியிட்டார். ஆங்கிலமே தாய்மொழியான அந்தக் குழந்தைகளுக்கு இங் முதலில் வந்தது, ‘ஷீ கோஸ்’ போன்றவற்றில் வரும் எஸ் வெகு பின்னால்தான் வந்தது. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களிடம் அதே பத்தாண்டில் செய்த ஆய்வுகளிலும் இந்த எஸ் தாமதமாகவே வருவது தெரிந்தது. புத்தகத்தில் முதல் வாரம் வருகிற பாடம், வாயில் வர மாதக்கணக்கில் ஆகும். எஸ் வரவில்லையே என்று ஆப்பை விட்டுப் புத்தகம், புத்தகத்தை விட்டு கிளாஸ் என்று தாவுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘மை டாட்டர் கோ டு ஸ்கூல்’ என்று ஒருவர் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எஸ் இல்லை, ஆனால் வில் போய்விட்டதே!

அப்புறம் அண்ணி என்ன முடிவெடுத்தார்? கிளாஸ் வேண்டாம் என்றாகிவிட்டது. புத்தகம் பாப்பாவுக்காக எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும், அதில் கலப்புப் பாடத்தை மட்டும் அண்ணியும் செய்கிறார். ஆப்பை வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டார். காலையில் இட்லி வேகிற பத்து நிமிடம் சொல்மாற்று அட்டவணைக்கு. அதில் மூன்றாவது நாளே நான் கொடுத்த சொற்களை அடித்துவிட்டு, தன் கடைச் சரக்கைப் போட்டுக்கொண்டார்: டூ யூ வாண்ட் எ பேக், டூ யூ ஹாவ் சேஞ்ச், டூ யூ நீட் த பில், டஸ் ஷீ வாண்ட் எ ஸ்மாலர் சைஸ். இதை நானே முதலில் செய்திருக்க வேண்டும். கவுண்டரில் வேலை செய்கிறவருக்கு, கோயிலுக்குப் போகும் அம்மாவைவிட சில்லறைதான் அவசரம்.

ராத்திரி பாப்பாவோடு கேள்வி நேரம். ரயில் நாலு நாளில் அலுத்துவிட்டது. இப்போது பாப்பாவின் வகுப்பு மிஸ்தான் பாடம். மிஸ் என்ன கலர் புடவை கட்டுவார், எப்போது திட்டுவார், மத்தியானம் என்ன சாப்பிடுவார் என்பதெல்லாம் பாப்பாவுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியாது. போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் கேட்டது:

“யுவர் மிஸ் வில்… இல்ல, இல்ல. டஸ் யுவர் மிஸ் ஷவுட்ஸ்?”

“அம்மா, ஷவுட்ஸ் இல்ல, ஷவுட்.”

“சரி, ஷவுட். பண்றாங்களா இல்லையா, அதைச் சொல்லு.”